ஃப்ளாப் திறந்ததும் என்ன செய்வது? ரெய்ஸ் செய்தவருக்கு ஒரு வழி

சத்துவாச்சாரியில் எங்கள் மொட்டை மாடியில் சனிக்கிழமை இரவு போக்கர் நடக்கும். வேலூர் வெயிலில் வெந்த தளம் ஒன்பது மணிக்கு மேல்தான் உட்காரவிடும். பணம் கிடையாது, ஆளுக்கு 100 புளியங்கொட்டை. நீங்களும் அப்படியே கற்றுக்கொள்ளுங்கள். பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளை 2025 சட்டம் தடை செய்துவிட்டது.

புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில் தடுக்கி விழுகிறார்கள். கையில் இரண்டு சீட்டு வந்ததும் தைரியமாக ரெய்ஸ் செய்வார்கள், அதாவது பந்தயத்தை ஏற்றுவார்கள். எல்லோருக்கும் பொதுவாக நடுவில் மூன்று சீட்டு (இதுதான் ஃப்ளாப்) திறந்ததும், 'நான்தானே ஏற்றினேன்' என்று எந்தச் சீட்டு வந்தாலும் மறுபடி பெட் (பந்தயம்) வைப்பார்கள். ஃப்ளாப் யாருக்குச் சாதகம் என்று பார்ப்பதே இல்லை.

ஒரு கையை எடுத்துக்கொள்வோம். சீட்டைப் பார்க்கும் முன்பே இரண்டு பேர் கட்டாயமாக வைப்பதுதான் பிளைண்ட்: சின்ன பிளைண்ட் 1 கொட்டை, பெரிய பிளைண்ட் 2. டீலர் பட்டனுக்கு (ஃப்ளாப்புக்குப் பின் கடைசியாக ஆடும் இடம்) முந்தைய இடத்தில் நீங்கள். கையில் ஏஸ், ராணி. 5 வைத்து ரெய்ஸ் செய்கிறீர்கள். பெரிய பிளைண்ட் வைத்தவர் மட்டும் கால் செய்கிறார் (அதே அளவுக்கு வைக்கிறார்), மற்றவர்கள் சீட்டைப் போட்டுவிட்டு விலகிவிட்டார்கள். முதல் வேலை, பாட்டை (நடுவில் சேர்ந்த கொட்டைகளை) எண்ணுங்கள்: 5, 5, சின்ன பிளைண்ட் விட்டுப்போன 1, ஆக 11.

ஃப்ளாப்பில் ராஜா, 7, 2, மூன்றும் வேறு வேறு இனம். அவர் செக் சொல்கிறார், அதாவது எதுவும் வைக்காமல் விடுகிறார். உங்களுக்கு ஒன்றும் சேரவில்லை. பதற வேண்டாம். ஜோடி இல்லாத கைக்கு ஃப்ளாப்பில் ஜோடியாவது கிடைப்பது சுமார் மூன்றில் ஒரு தடவைதான். அவருக்கும் அதே கணக்கு. இன்னொன்று, ஏஸ்-ராஜா, ராஜா ஜோடி மாதிரியான கை அவரிடம் இருந்தால் முன்பே திருப்பி ஏற்றியிருப்பார். உங்களிடம் அவை இருக்கலாம். ஆகவே இது உங்கள் ஃப்ளாப். 4 கொட்டை போதும். 11-ஐ எடுக்க 4 வைக்கிறீர்கள். 15-க்கு 4, அதாவது நூறில் 27 தடவை அவர் போட்டுவிட்டாலே நஷ்டமில்லை.

சரி, அதே கைக்கு 9, 8, 7 வந்து, அதில் இரண்டு ஆட்டின் என்றால்? கதையே வேறு. பிளைண்டில் இருந்து கால் செய்பவரிடம் ஜாக்கி-10, 9-8, 6-5 எல்லாம் இருக்கும். இங்கே செக் செய்யுங்கள். பட்டனும் விலகிவிட்டதால் நீங்கள்தான் கடைசியாக ஆடுகிறீர்கள், அதனால் அடுத்த சீட்டு இலவசம். இந்த இடத்தின் அருமையை எனக்கு யாராவது முன்பே சொல்லியிருக்கக் கூடாதா என்று நினைப்பேன்.

ஆனால் கையில் ஏஸ் ஜோடி இருந்தால் 7 அல்லது 8 வையுங்கள். துரத்துகிறவர் விலை கொடுக்கட்டும். கையில் இரண்டு, நடுவில் இரண்டு என நான்கு ஆட்டின் சேர்ந்திருந்தாலும் பெட் நல்லதுதான். மிச்சம் 9 ஆட்டின் உண்டு. நடுவில் இன்னும் இரண்டு சீட்டு வருவதற்குள் ஃப்ளஷ் (ஒரே இனத்தில் ஐந்து சீட்டு) அமைய சுமார் 35 சதவீதம் வாய்ப்பு.

எதிரே இரண்டு பேர் என்றால் கையை அடக்குங்கள். ஒவ்வொருவரும் பத்தில் ஆறு தடவை சீட்டைப் போடுவார் என்றே வைத்தாலும், இருவரும் சேர்ந்து போடுவது நூறில் 36 தடவைதான். நடு இடத்திலிருந்து ஏற்றி, பட்டனில் இருப்பவர் கால் செய்தாலும் இப்படித்தான்: அவர் உங்களுக்குப் பின்னால் ஆடுகிறார், வெறுங்கையோடு பெட் வைப்பதைப் பாதியாகக் குறையுங்கள்.

அப்புறம், ராஜா-7-2-ல் உங்கள் 4-க்கு அவர் 14 என்று திருப்பி அடித்தால் ஏஸ்-ராணியைப் போட்டுவிடுங்கள். போவது அந்த 4 கொட்டைதான்.

பழக, ஒரு சீட்டுக்கட்டை எடுத்து ஏஸ்-ராணியைத் தனியே வைத்துவிட்டு, மூன்று மூன்றாக பதினாறு ஃப்ளாப் திறந்து பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் 'என்னுடையது', 'அவருடையது' என்று வாய்விட்டுச் சொல்லி, எத்தனை கொட்டை வைப்பீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.