வீட்டு மீடியா சர்வர்: பெட்டி வாங்கும் முன் டிவியைச் சோதியுங்கள்

போன பொங்கலுக்கு வந்திருந்த சித்தி தன் கல்யாண டிவிடியைப் போட்டுக் காட்டச் சொன்னார். டிவிடி பத்திரமாக இருந்தது, மூன்று வட்டு, பிளாஸ்டிக் உறைகூடக் கிழியவில்லை. பிளேயர்தான் செத்துப்போய்ப் பல வருடம். லேப்டாப்பிலும் வட்டு போடும் டிரைவ் கிடையாது. அன்றைக்குக் கை வைத்த வேலை இது.

இப்போது அந்த மூன்று வட்டு, நான் சேர்த்து வைத்திருந்த பட டிவிடிகள், போனில் எடுத்த வீடியோக்கள் எல்லாம் ஷூ ரேக் மேல் இருக்கும் ஒரு சின்னப் பெட்டியிலிருந்து (அதுதான் மீடியா சர்வர்) ஹால் டிவிக்கும் அம்மாவின் டேப்லெட்டுக்கும் போகின்றன. நடுவில் இரண்டு வாரம் வீணாகப் போனது. உங்களுக்கு அது ஒரு சனி ஞாயிறோடு முடியட்டும் என்றுதான் எழுதுகிறேன். லினக்ஸ் நிறுவுவது, ரவுட்டரில் ஐ.பி. முகவரியை நிலையாக வைப்பது எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

படி 1: பென்டிரைவ் சோதனை

எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி "எந்தப் பெட்டி வாங்கலாம்?" என்பதுதான். நானும் அப்படித்தான் கேட்டேன். ஆனால் பெட்டிக்கு எவ்வளவு வேலை என்பது உங்கள் டிவியின் கையில் இருக்கிறது. டிவிக்கு ஒரு ஃபைல் அப்படியே புரிந்தால் சர்வர் அதை எடுத்து நீட்டினால் போதும், பத்து வருடத்துக்கு முந்தைய லேப்டாப்பே அதைச் செய்யும். இதற்கு டைரக்ட் பிளே என்று பெயர். புரியாவிட்டால், படம் ஓட ஓட சர்வர் அதை வேறு வடிவத்துக்கு மாற்றிக்கொண்டே அனுப்ப வேண்டும். அதுதான் டிரான்ஸ்கோடிங். பெட்டிக்கு மூச்சு வாங்குவது அங்கேதான்.

ஆகவே உங்களிடம் இருக்கும் ஃபைல்களில் வகைக்கு ஒன்றாக நாலைந்தை ஒரு பென்டிரைவில் போட்டு டிவியில் சொருகிப் பாருங்கள். எச்.264 ஒன்று, எச்.265 ஒன்று (இரண்டும் வீடியோவைச் சுருக்கி வைக்கும் முறைகள்), டிடிஎஸ் என்ற முறையில் ஒலி உள்ளது ஒன்று, டிவிடியிலிருந்து எடுத்தது ஒன்று. டிவியின் சொந்த பிளேயரும் நாளை நீங்கள் போடப்போகும் ஆப்பும் நூற்றுக்கு நூறு ஒரே மாதிரி நடந்துகொள்ளாது, ஆனாலும் நிலவரம் தெரிந்துவிடும். படம் வந்து சத்தம் மட்டும் வராவிட்டால் பெரிதாகக் கவலைப்பட வேண்டாம். ஒலியை மாற்றுவது எந்த சிபியுவுக்கும் சின்ன வேலை. படத்தை மாற்றுவதுதான் பாரம்.

டிவியின் ஆப் கடையில் நீங்கள் நினைத்திருக்கும் சர்வரின் ஆப் இருக்கிறதா என்றும் அப்போதே பார்த்துவிடுங்கள். ஆண்ட்ராய்டு டிவியில் பிரச்சினை இல்லை. மற்றவற்றில் சில மாடலில் இருக்கும், சிலவற்றில் இருக்காது.

படி 2: பெட்டி

என் கட்சி வெளிப்படையானது: ஆபீஸில் ஓடிக் கழித்த, ஒரு லிட்டர் கொள்ளளவே உள்ள மினி பிசி. டெல் ஆப்டிபிளெக்ஸ் மைக்ரோ, லெனோவோ திங்க்சென்டர் டைனி, எச்பி எலீட்டெஸ்க் மினி, மூன்றில் எது கிடைத்தாலும் சரி. சிபியு இன்டெல் 8ஆம் தலைமுறை அல்லது அதற்கு மேல். இவற்றின் உள்ளேயே இருக்கும் குவிக் சிங்க் என்ற வீடியோ பகுதி எச்.264, 10 பிட் எச்.265 இரண்டையும் அநாயாசமாக மாற்றிவிடும். ஏவி1 என்ற புதிய வீடியோ முறை ஃபைல்களையும் வாசிக்க வேண்டும் என்றால் 11ஆம் தலைமுறைக்குப் போங்கள், அல்லது புதிதாகவே இன்டெல் என்100 பெட்டி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். நான் எடுத்தது ஐ5 8500டி உள்ள பழைய பெட்டி. பதின்மூன்றாயிரம் ரூபாய்.

பழையது வாங்கும்போது மூன்று விஷயம். முதலில், பயாஸ் (பெட்டி எழும்போதே திறக்கக்கூடிய அடிப்படை அமைப்புத் திரை) பாஸ்வேர்டு. பழைய ஆபீஸ் போட்ட பூட்டோடு விற்றுவிடுவார்கள். கடையிலேயே பயாஸுக்குள் போய்ப் பார்த்துவிடுங்கள். இரண்டாவது, அதே பிராண்டின் அடாப்டர் கூட வருகிறதா என்பது. மூன்றாவது, மினி பிசி வேண்டாம், டெஸ்க்டாப் போதும் என்று போகிறவர்களுக்கு: சிபியு எண்ணின் கடைசியில் 'எஃப்' இருந்தால் அதில் கிராபிக்ஸ் பகுதியே வேலை செய்யாது. குவிக் சிங்க்கும் இல்லை.

ராஸ்பெர்ரி பை? 5ஆம் மாடல் கையில் இருக்கிறது, அருமையான பலகை. ஆனால் அதில் வீடியோவை என்கோட் செய்யும், அதாவது வேறு வடிவத்துக்கு மாற்றி எழுதும், வன்பொருளே கிடையாது. எல்லா ஃபைலும் டைரக்ட் பிளே ஆகும் வீடு என்றால் தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள்.

மின்சாரக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன், வீட்டில் முதலில் கேட்கப்படும் கேள்வி அதுதான். என் பெட்டி சும்மா இருக்கும்போது சுமார் 12 வாட். நாள் முழுக்க ஓடினால் இரண்டு மாத பில்லில் 17 யூனிட் சொச்சம். மூலையில் கிடந்த பழைய டெஸ்க்டாப் 60 வாட் இழுத்தது. அதே கணக்கில் 86 யூனிட், அதாவது நம் இலவச 100 யூனிட்டில் பெரும்பகுதியை அதுவே விழுங்கிவிடும். "சும்மா கிடக்கிற பிசிதானே" என்று தொடங்கியவன் அங்கே நிறுத்தினேன்.

ஹார்டு டிஸ்க்: மினி பிசிக்குள் பெரிய 3.5 அங்குல டிஸ்க் போகாது. தனி அடாப்டரோடு வரும் யுஎஸ்பி டிஸ்க் 4 டிபி வாங்கி வெளியே மாட்டினேன்.

படி 3: மென்பொருள்

பிளெக்ஸ், எம்பி, ஜெல்லிஃபின், கோடி என்று நாலு பெயர் அடிபடும். (எம்பி, கோடி இரண்டையும் தமிழில் எழுதினால் தேர்தல் செய்தி மாதிரி இருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.) கோடி அடிப்படையில் பிளேயர். ஒரே டிவி, அதன் பின்னாலேயே பெட்டி என்றால் சர்வரே வேண்டாம், அது போதும். பல அறை, பல கருவி என்றால்தான் மற்ற மூன்றும்.

பிளெக்ஸ் ஆப்கள்தான் மூன்றிலும் மெருகானவை, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் குவிக் சிங்க்கைப் பயன்படுத்த பிளெக்ஸ் பாஸ் கட்ட வேண்டும். அதன் ஆயுள் சந்தா 2025 ஏப்ரலில் 119.99 டாலரிலிருந்து 249.99 டாலருக்கு ஏறியது. வெளியூரிலிருந்து உங்கள் சொந்த ஃபைலைப் பார்ப்பதும் அப்போதே கட்டணச் சேவையானது. எம்பியிலும் வன்பொருள் டிரான்ஸ்கோடிங் காசுதான். எம்பி தன் மூலநிரலை மூடியபோது, 2018 டிசம்பரில், அதிலிருந்து பிரிந்து வந்தது ஜெல்லிஃபின். முழுக்க இலவசம், வெளி நிறுவனத்தில் கணக்கு திறக்க வேண்டியதில்லை, இன்டர்நெட் செத்தாலும் வீட்டுக்குள் ஓடும். எங்கள் தெருவில் கேபிள் மாதம் ஒருமுறை அறுபடும், எனக்கு அந்தக் கடைசிக் காரணமே போதுமானதாக இருந்தது.

உபுண்டு என்ற லினக்ஸில் ஜெல்லிஃபினை நிறுவ அவர்கள் தளத்தில் ஒரு வரிக் கட்டளை இருக்கிறது. ஓட்டுங்கள், பிரவுசரில் சர்வரின் ஐ.பி. முகவரியோடு 8096 என்ற போர்ட்டைச் சேர்த்துத் திறங்கள், பெயர், பாஸ்வேர்டு கேட்கும். ஐந்து நிமிடம். டாக்கர் தெரிந்தவர்கள் டாக்கரில் போட்டுக்கொள்ளுங்கள், தெரியாதவர்கள் இதற்காகக் கற்க வேண்டாம்.

படி 4: டிஸ்க் (நான் விழுந்த குழி)

இங்கேதான் பத்து நாள் போனது. டிஸ்க்கைச் சொருகினேன், உபுண்டு உடனே காட்டியது, ஃபைல்கள் திறந்தன. ஜெல்லிஃபினில் அதே ஃபோல்டரை லைப்ரரியாகச் சேர்த்தேன். ஸ்கேன் முடிந்தது என்றது. உள்ளே ஒன்றுமில்லை. பிழைச் செய்தியும் இல்லை. ஃபைல் பெயர்களை மாற்றினேன், ஜெல்லிஃபினை அழித்துத் திரும்பப் போட்டேன், கேபிளை மாற்றினேன். கடைசியில் டிஸ்க்கையே திருப்பிக் கொடுக்கக் கிளம்பிவிட்டேன்.

காரணம் இதுதான். ஜெல்லிஃபின் உங்கள் பெயரில் ஓடுவதில்லை. 'ஜெல்லிஃபின்' என்ற பெயரிலேயே தனி யூசராக ஓடுகிறது. உபுண்டு டெஸ்க்டாப் தானாக மாட்டும் டிஸ்க்கோ, லாகின் செய்திருக்கும் உங்களுக்கு மட்டும் திறக்கும் ஃபோல்டருக்குள் போய் உட்காருகிறது. பக்கத்து வீட்டுக்காரரிடம் உங்கள் பீரோவிலிருந்து புடவை எடுத்துத் தரச் சொன்ன கதை. போதாததற்கு, பெட்டியை ரீஸ்டார்ட் செய்து யாரும் லாகின் செய்யாவிட்டால் அந்த டிஸ்க் மாட்டப்படுவதே இல்லை. உங்கள் ஹோம் ஃபோல்டருக்குள் படங்களை வைத்தாலும் இதே கதிதான், உபுண்டு 21.04லிருந்து அதுவும் மற்ற யூசர்களுக்குப் பூட்டியே வருகிறது.

தீர்வு: 'டிஸ்க்ஸ்' என்ற ஆப்பைத் திறந்து, அந்தப் பார்ட்டிஷனைத் தேர்ந்தெடுத்து, பல்சக்கர பட்டனில் 'எடிட் மவுன்ட் ஆப்ஷன்ஸ்' போங்கள். 'யூசர் செஷன் டிஃபால்ட்ஸ்' என்பதை அணைத்துவிட்டு, மவுன்ட் பாயின்ட்டாக எம்என்டி ஃபோல்டருக்குள் ஒரு பெயர் கொடுங்கள். ஆங்கில எழுத்தில், இடைவெளி இல்லாமல். அடையாளம் காணும் முறையில் யுயுஐடியை (டிஸ்க்கின் மாறாத அடையாள எண்) தேர்ந்தெடுங்கள், இல்லாவிட்டால் வேறு போர்ட்டில் சொருகும் நாளில் குழம்பும். ரீஸ்டார்ட் செய்து, லாகின் செய்யாமலேயே, இன்னொரு கருவியிலிருந்து ஜெல்லிஃபினைத் திறந்து பாருங்கள். படங்கள் தெரிந்தால் இந்தப் படி முடிந்தது.

அதே திரையில் 'நோஃபெயில்' (டிஸ்க் இல்லாவிட்டாலும் நிற்காமல் எழு என்று பொருள்) என்ற சொல் இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். டிஸ்க்ஸ் ஆப் தானாகவே போட்டுவிடும். நான் முதலில் எஃப்எஸ்டேப் ஃபைலை (எந்த டிஸ்க்கை எங்கே மாட்டுவது என்ற பட்டியல்) கையால் எழுதியபோது அதை விட்டுவிட்டேன். ஒரு நாள் யாரோ டிஸ்க் அடாப்டரைப் பிடுங்கிவிட்டு மிக்சியைச் சொருக, பெட்டி 90 விநாடி டிஸ்க்குக்காகக் காத்திருந்துவிட்டு எமர்ஜென்சி மோடில் போய் நின்றுகொண்டது.

படி 5: லைப்ரரி, கல்யாண வட்டுகள்

படங்களுக்கு ஒவ்வொன்றுக்கும் தனி ஃபோல்டர், பெயர், அடைப்புக்குறியில் வெளியான வருடம். வருடம் போடாவிட்டால் அதே பெயரில் உள்ள வேறு படத்தின் போஸ்டர் வந்து நிற்கும். வீட்டு வீடியோக்களுக்குத் தனி லைப்ரரி வையுங்கள், வகையில் 'ஹோம் வீடியோஸ்' என்று தேர்ந்தெடுங்கள். நான் சித்தி கல்யாணத்தைப் படங்களோடு போட்டுவிட்டேன். ஜெல்லிஃபின் எங்கெங்கோ தேடி, ஏதோ ஐரோப்பியப் பேய்ப்படத்தின் போஸ்டரை மாட்டிவிட்டது. சித்தப்பா அதைப் போட்டோ எடுத்து குடும்ப குரூப்பில் போட்டார்.

வட்டிலிருக்கும் விஓபி ஃபைல்களை அப்படியே நகலெடுக்காதீர்கள். 1 ஜிபி துண்டுகளாக இருக்கும், தாலி கட்டும் நேரத்தில் ஒரு துண்டு முடியும். மேக்எம்கேவி மென்பொருளில் எடுத்தால் ஒரே எம்கேவி ஃபைலாக, தரம் குறையாமல் வரும். நம் ஊர்க் கல்யாண டிவிடிகள் பெரும்பாலும் 'பால்' என்ற டிவி முறையில், 720க்கு 576, இன்டர்லேஸ் (படத்தின் கோடுகளை ஒன்றுவிட்டு ஒன்றாக இரண்டு தடவையில் காட்டுவது) செய்யப்பட்டவை. டிவியில் கை அசையும்போது சீப்புப் பல் மாதிரி கோடு தெரிந்தால் காரணம் அதுதான். ஹேண்ட்பிரேக் மென்பொருளில் அதை நீக்கும் டீஇன்டர்லேஸ் போட்டு, விநாடிக்கு 50 ஃபிரேமாக எச்.264க்கு மாற்றினேன். மூல எம்கேவியையும் அழிக்காமல் வைத்திருக்கிறேன். எழுதிய டிவிடிகள் நிரந்தரமானவை இல்லை. மூன்றாவது வட்டை ஒரு டிரைவ் படிக்க மறுத்து, இன்னொரு டிரைவ் படித்தது. தள்ளிப்போடாதீர்கள்.

படி 6: டிரான்ஸ்கோடிங்

டாஷ்போர்டில் 'பிளேபேக்' பகுதியில் குவிக் சிங்க்கைத் தேர்ந்தெடுங்கள். ஜெல்லிஃபின் யூசரை 'ரெண்டர்' குழுவில் சேர்த்து ரீஸ்டார்ட் செய்யுங்கள். மறுபடியும் அதே அனுமதிக் கதைதான். கீழே இருக்கும் எல்லாப் பெட்டியிலும் டிக் அடிக்காதீர்கள். 8ஆம் தலைமுறையில் ஏவி1க்கு டிக் அடித்தால் அந்த ஃபைல் ஓடாமல் நிற்கும்.

படம் ஓடும்போது டாஷ்போர்டைப் பார்த்தால் டைரக்ட் பிளேயா, டிரான்ஸ்கோடா, ஏன் என்று காரணத்தோடு காட்டும். என் வீட்டில் பெரும்பாலும் குற்றவாளி சப்டைட்டில். டிவிடி, புளூரே வட்டுகளில் சப்டைட்டில் எழுத்தாக இருக்காது, படமாக இருக்கும். டிவி ஆப்புக்கு அது புரியாவிட்டால், சர்வர் மொத்த வீடியோவையும் மாற்றி அதன் மேல் ஒட்ட வேண்டும். சப்டைட்டில் எழுத்தாகவே உள்ள எஸ்ஆர்டி ஃபைல் இருந்தால் இந்தப் பாடு இல்லை.

படி 7: கரண்ட் போனால்

பயாஸில் மின்சாரம் திரும்பியதும் தானாக எழ ஒரு அமைப்பு இருக்கும், அதை ஆன் செய்யுங்கள். டிஸ்க்கும் பெட்டியும் ரவுட்டரும் ஒரே சின்ன யுபிஎஸ்ஸில் இருக்கட்டும்.

பின்சேர்க்கை 1: தமிழ் சப்டைட்டில் கட்டம் கட்டமாக வருகிறது என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். சர்வர் படத்தின் மேல் ஒட்டும்போது சர்வரில் இருக்கும் எழுத்துருவைத்தான் தேடும். அங்கே தமிழ் எழுத்துரு இல்லாவிட்டால் கட்டம்தான். நோட்டோ தமிழ் எழுத்துருவை சர்வரில் நிறுவினால் சரியாகும். கட்டத்துக்குப் பதில் புரியாத ஐரோப்பிய எழுத்துகள் வந்தால் அது வேறு நோய்: பழைய டிஸ்கி குறியீட்டில் இருக்கும் ஃபைல். யூனிகோடுக்கு மாற்றிச் சேமியுங்கள்.

பின்சேர்க்கை 2: வெளியூரிலிருந்து பார்ப்பது எப்படி? ரவுட்டரில் போர்ட் திறக்காதீர்கள். நம் இணைய இணைப்புகள் பலவற்றில் வீட்டுக்கென்று தனிப் பொது ஐ.பி.யும் இருக்காது. கருவிகளைத் தனி வலையில் இணைக்கும் டெயில்ஸ்கேல் என்ற ஆப்பை சர்வரிலும் போனிலும் போட்டால் வேலை முடிந்தது.

பின்சேர்க்கை 3: இதை நானே கண்டுபிடித்தேன், தலைமுடியைப் பிய்த்துக்கொண்டு. விண்டோஸ் டிஸ்க்கிலிருந்து லினக்ஸின் எக்ஸ்ட்4 முறையில் ஃபார்மேட் செய்த டிஸ்க்குக்கு நகலெடுக்கும்போது சில தமிழ்ப் பெயர் ஃபைல்கள் மட்டும் 'பெயர் மிக நீளமாக இருக்கிறது' என்று நின்றன. எக்ஸ்ட்4 பெயருக்கு 255 பைட் தரும். யூனிகோடின் யுடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் (எழுத்து, புள்ளி, கால் எல்லாம் தனித்தனி) 3 பைட். 'கல்யாணம்' என்ற ஒரே சொல்லுக்கு 24 பைட் ஆகிறது, ஆங்கில எழுத்தில் எழுதியிருந்தால் எட்டொன்பதில் முடிந்திருக்கும். மணமக்கள் பெயர், ஊர், மண்டபம், தேதி எல்லாவற்றையும் ஃபைல் பெயரிலேயே எழுதும் பழக்கம் எங்கள் அப்பாவுக்கு. அவர் பெயரிட்ட பதினோரு ஃபைல்களுக்கு மட்டும் மண்டபத்தின் பெயரை வெட்டினேன். அவரிடம் இன்னும் சொல்லவில்லை.