துன்புறும் கிறிஸ்தவர்களுக்காகக் குரல் கொடுப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

துன்புறுத்தப்படும் திருச்சபைக்கான ஜெப நாள் பல நாடுகளில் நவம்பர் முதல் ஞாயிறோ இரண்டாம் ஞாயிறோ வரும். டெல்டாவில் அடைமழைக் காலம் அது. பங்கின் சிறு குழுக்களான அன்பியங்களிலும் ஜெபக்குழுக்களிலும் வாட்ஸ்அப் படங்கள் சுற்றத் தொடங்கும். முதல் தவறு அங்கேதான்.

கருகிய உடல்கள் கிடக்கும் படம் ஒன்று, 'நைஜீரியாவில் உயிரோடு எரிக்கப்பட்ட கிறிஸ்தவர்கள்' என்று வரும். அது 2010 ஜூலையில் காங்கோவின் சாங்கே ஊரில் எரிபொருள் டேங்கர் கவிழ்ந்து வெடித்த விபத்தின் படம். 'இந்தியாவின் ஒலிசபாங் மாகாணத்தில் 200 ஆலயங்களை அழிக்கப் போகிறார்கள்' என்ற செய்தியும் பல வருடமாகச் சுற்றுகிறது. இந்தியாவில் அப்படி ஒரு மாகாணமே கிடையாது.

நைஜீரியாவில் கிறிஸ்தவர்கள் கொல்லப்படுவது உண்மை. 2014 ஏப்ரலில் சிபோக் பள்ளியிலிருந்து 276 மாணவிகள் கடத்தப்பட்டதும் உண்மை. ஒரு பொய்ப்படம் பிடிபட்டால் போதும், இந்த உண்மைகளையும் யாரும் காதில் வாங்க மாட்டார்கள். படத்தை கூகுள் லென்ஸில் போட்டுப் பாருங்கள். தேதி, ஊர், முதலில் வெளியிட்டவர் என்ற மூன்றும் தெரியாத செய்தியைக் குழுவில் போடாதீர்கள். 'நேற்று இரவு', 'நாளை காலை' என்று மட்டும் இருந்தால் பெரும்பாலும் பழையது.

எண்களிலும் இதே அவசரம். துன்புறும் கிறிஸ்தவர்களுக்கு உதவும் ஓப்பன் டோர்ஸ் அமைப்பின் 2025 பட்டியல் சொல்லும் 38 கோடி, கடும் துன்புறுத்தலையும் பாகுபாட்டையும் எதிர்கொள்வோர் எண்ணிக்கை. விசுவாசத்துக்காகக் கொல்லப்பட்டதாக அதே பட்டியல் கணக்கிடுவது 4,476 பேரை. இரண்டையும் கலக்காதீர்கள்.

உயிருக்கே ஆபத்தான தவறு, அடையாளத்தை வெளியிடுவது. ஆப்கானிஸ்தான் போன்ற நாடுகளில் மதம் மாறியவரின் பெயரை மாற்றி, முகத்தை மறைத்துத்தான் அமைப்புகள் சாட்சி வெளியிடும். நம்பகமாக இருக்கட்டும் என்று இங்கே ஒருவர் ஊர்ப்பெயரைச் சேர்த்தால், அங்கே அந்தக் குடும்பத்தைத் தேடிப் போக அது போதும்.

சிறையில் இருப்பவருக்குக் கடிதம் எழுதுவது நல்ல காரியம். ஆனால் இப்படிப்பட்ட அமைப்பு எழுதச் சொன்ன கைதிக்கு மட்டும் எழுதுங்கள். சிறை அதிகாரி பிரித்துப் படிப்பார் என்று எண்ணியே எழுத வேண்டும். நாலைந்து வரி ஆறுதல் போதும். அரசைப் பற்றி ஒரு சொல்லும் வேண்டாம், அமைப்பின் பெயர் வேண்டாம், பணம் வைக்க வேண்டாம். பங்கின் லெட்டர்பேடும் ரப்பர் ஸ்டாம்பும் வேண்டவே வேண்டாம். கைதி வெளிநாட்டு உளவாளி என்று சொல்ல அதுவே சாட்சியமாகும்.

காணிக்கையைத் தனிநபரின் ஜிபே எண்ணுக்கு அனுப்பாதீர்கள். பதிவுபெற்ற அமைப்பின் வங்கிக் கணக்குக்கு அனுப்பி ரசீது வாங்குங்கள். ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் வரிச்சலுகை கிடைக்காது. எஃப்சிஆர்ஏ எனும் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் அனுமதி இல்லாத குழு வெளிநாட்டிலிருந்து நன்கொடை வாங்குவது குற்றம். அனுமதி உள்ள அமைப்பும் அந்தப் பணத்தை வேறு அமைப்புக்கு மாற்ற அந்தச் சட்டத்தின் 2020 திருத்தம் இடம் கொடுப்பதில்லை.

இன்னொன்று. வேளாங்கண்ணிக்கும் நாகூருக்கும் இடையே சுமார் பத்து மைல்தான். பாகிஸ்தான் செய்தியைப் பகிரும் கையோடு பக்கத்துத் தெரு முஸ்லிமைத் திட்டும் வரியையும் சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள். மத நிந்தனை வழக்கில் மரண தண்டனை பெற்ற பாகிஸ்தான் கிறிஸ்தவப் பெண் ஆசியா பீபிக்காகப் பேசியதால் 2011 ஜனவரி 4-ல் சுட்டுக் கொல்லப்பட்ட, அந்நாட்டுப் பஞ்சாப் மாகாண ஆளுநர் சல்மான் தசீர் முஸ்லிம். 2018-ல் ஆசியா பீபி விடுதலை பெற வாதாடிய வழக்கறிஞர் சைஃபுல் மலூக்கும் முஸ்லிம்தான். ஆசியா பீபி பற்றிப் பகிரும்போது இந்த இருவரையும் சேர்த்தே எழுதுங்கள்.