அன்னாசிப் பையில் அன்னாசி எவ்வளவு? தாவரத் தோல் வாங்குவோர் செய்யும் தவறுகள்

நான் முதன்முதலில் வாங்கிய 'வீகன் லெதர்' பை மூன்றாவது வருடம் கைப்பிடியில் உரிய ஆரம்பித்தது. உரிந்த இடத்தில் தெரிந்தது வெறும் பாலியெஸ்டர் துணி. அட்டையில் பச்சை இலைப் படம் இருந்ததே தவிர, என்ன செடி, எவ்வளவு என்று ஒரு வரிகூட இல்லை. நானும் கேட்கவில்லை.

வீகன் என்றால் விலங்கிலிருந்து எடுக்கப்பட்டது எதுவும் இல்லை என்று மட்டும்தான் அர்த்தம். செடி இருக்கிறது என்று அர்த்தம் இல்லை. அந்தக் கணக்கில் பஸ் சீட்டில் இருக்கும் ரெக்சினும் வீகன்தான். இதற்கு நேர் எதிரான குழப்பம் ஒன்றும் உண்டு. 'வெஜிடபிள் டான்டு லெதர்' என்று எழுதியிருப்பதைப் பார்த்துச் செடியில் செய்தது என்று நினைத்து வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அது அசல் மாட்டுத்தோல் அல்லது ஆட்டுத்தோல். குரோமிய உப்புக்குப் பதிலாக மரப்பட்டை, கடுக்காய் போன்றவற்றில் உள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருளால் பதனிட்டது, அவ்வளவுதான். இறைச்சி தொடாதவர் ஆசையாக வாங்கிய பின் இது தெரிய வந்தால் மனசு கஷ்டப்படும்.

பெரிய தவறு வேறு. செடியின் பெயரைப் பார்க்கிறோம், அந்தச் செடி பைக்குள் என்ன வேலை செய்கிறது என்று பார்ப்பதில்லை.

அன்னாசியை எடுத்துக்கொள்வோம். கார்மென் ஹிஹோசா உருவாக்கிய பினாடெக்ஸ் என்ற தாவரத் தோலில், அறுவடைக்குப் பின் வீணாகும் அன்னாசி இலைகளிலிருந்து நார் எடுக்கிறார்கள். அதோடு பிஎல்ஏ என்ற, தாவரச் சர்க்கரையிலிருந்து செய்யும் பிளாஸ்டிக் இழையைச் சேர்த்து, நெய்யாமலே கம்பளம் போல அழுத்தி விரிப்பாக்குகிறார்கள். மேலே ஒரு பூச்சு. இங்கே பலம் தருவதில் இலை நாருக்கு நேரடிப் பங்கு உண்டு.

ஆப்பிள் லெதர் கதை வேறு. சாறு பிழிந்த சக்கையைக் காயவைத்துப் பொடியாக்கி, பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக்கில் கலந்து, துணிமேல் பூசுகிறார்கள். 2019-இல் மெக்சிகோவிலிருந்து வந்த டெசெர்ட்டோ என்ற கள்ளித் தோலும் ஏறக்குறைய இந்த வழிதான். சப்பாத்திக்கள்ளி மட்டையை உலர்த்தி அரைத்துப் பிசினோடு சேர்ப்பது. பொடிக்கு இழுவிசையைத் தாங்கும் சக்தி கிடையாது. பையின் கனத்தைச் சுமப்பது அடியில் இருக்கும் துணி. தண்ணீரைத் தடுப்பது பாலியூரித்தேன். பழம் எவ்வளவு பிளாஸ்டிக்கைக் குறைக்கிறதோ அவ்வளவு நல்லது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் பை எத்தனை வருடம் வரும் என்பதைத் தீர்மானிப்பது பழம் அல்ல.

ஆகவே கடைக்காரரிடம் கேட்க வேண்டியது: செடி நாராக இருக்கிறதா, பொடியாகவா? அதைப் பிடித்து வைத்திருப்பது என்ன? அடித்துணி பருத்தியா, பாலியெஸ்டரா? பதில் தெரியாது என்றால் வெட்டிய விளிம்பைக் காட்டச் சொல்லுங்கள். அடுக்குகள் அங்கே கண்ணுக்கே தெரியும்.

'உயிரிப் பொருள் இத்தனை சதவீதம்' என்ற எண்ணையும் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும். ஏஎஸ்டிஎம் டி6866 என்ற சோதனை கார்பன்-14 என்ற, காலப்போக்கில் தேயும் கார்பன் வகை எவ்வளவு இருக்கிறது என்று அளக்கிறது. பெட்ரோலியத்தில் அது எப்போதோ தேய்ந்து போயிருக்கும், புதிய செடியில் இருக்கும். சரி, நல்ல சோதனைதான். ஆனால் மூலப்பொருளை விளக்கெண்ணெயிலிருந்து எடுத்துச் செய்த பாலியூரித்தேனும் அதில் செடி என்றே கணக்காகும். எண் பெரிதாக இருப்பதால் பொருள் மக்கிவிடும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பிஎல்ஏகூட வீட்டு உரக்குழியில் சுலபத்தில் மக்காது. 60 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடு நிற்கும் தொழிற்சாலை உரக்கூடம் வேண்டும்.

எவ்வளவு காலம் உழைக்கும் என்ற விஷயத்துக்கு வருவோம். ஜெர்மனியின் ஃப்ரைபெர்க்கில் உள்ள ஃபில்க் ஆய்வு நிறுவனம் இந்த மாற்றுப் பொருள்கள் பலவற்றை அசல் தோலோடு ஒப்பிட்டு 2021-இல் முடிவை வெளியிட்டது. தோலின் எல்லாக் குணங்களையும் ஒருசேரக் கொண்ட பொருள் எதுவும் அதில் இல்லை. இதைப் படித்துச் சோர்ந்துபோகத் தேவையில்லை. ஈரத்தை வெளியே விடும் குணம் செருப்புக்கு முக்கியம், பைக்கு அவ்வளவாக இல்லை. பைக்கு வேண்டியது கிழியாமையும், மடித்து மடித்து விரித்தாலும் வெடிக்காமையும். அதனால் தோள்வார், பெல்ட் போன்ற இழுபடும் சாமான்களை மட்டும் யோசித்து வாங்குங்கள். கார்டு பர்ஸ், கண்ணாடிக் கூடு, சின்னக் கைப்பை எல்லாம் தாராளமாக வாங்கலாம். கார்க் எனக்குப் பிடித்தது. மரத்தை வெட்டாமல் ஏறக்குறைய 9 வருடத்துக்கு ஒருமுறை பட்டையை மட்டும் உரித்து எடுக்கிறார்கள். ஆனால் அதுவும் மெல்லிய சீவலைத் துணியில் ஒட்டியதுதான், ஆணி கீறினால் பெயரும்.

அப்புறம் பராமரிப்பு. தோலுக்குத் தடவும் எண்ணெயையும் கண்டிஷனரையும் இதற்குத் தடவுவது வீண் வேலை. பாலியூரித்தேன் அதை உறிஞ்சாது, மேலே பிசுக்காக நின்று தூசியைச் சேர்க்கும். சானிடைசர் ஈரத்தோடு கைப்பிடியைப் பிடிப்பது இன்னும் மோசம், அதிலுள்ள ஆல்கஹால் பூச்சை இளக்கும். ஈரத்துணியால் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஒற்றினால் போதும். நல்ல பை என்று பிளாஸ்டிக் உறையில் சுற்றிப் பீரோவில் பூட்டுவது பலரும் செய்வது. நானும் செய்து, ஒரு பையைப் பிசுபிசுவென்று வெளியே எடுத்திருக்கிறேன். சில வகைப் பாலியூரித்தேன் காற்றிலுள்ள ஈரத்தாலேயே மெல்லச் சிதையும், பையைத் தொடாமல் வைத்திருந்தாலும் சரி. பருத்தித் துணிப் பையில், உள்ளே காகிதம் அடைத்து, காற்றுப் படும் இடத்தில் வையுங்கள்.

வீட்டில் தைக்கிறவர்களுக்கு ஒன்று. குண்டூசி குத்தாதீர்கள், ஓட்டை மூடாது. கிளிப் போடுங்கள். தையலை நெருக்கமாகப் போட்டால் உறுதி என்று துணியில் பழகியிருப்போம். இங்கே அது தபால்தலை ஓரம் மாதிரி ஆகி, அந்தக் கோட்டிலேயே கிழியும். 3 மில்லிமீட்டருக்குக் குறையாமல் தையல் போட்டு, கைப்பிடி சேரும் இடத்தில் உள்பக்கம் ஒரு கெட்டித்துணி வைத்துத் தையுங்கள்.