டிராஃப்டில் ஜெயித்த அணி பட்டத்தையும் ஜெயிக்குமா? என்பிஏ அணிகளை எடைபோடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்கக் கூடைப்பந்து லீகான என்பிஏவில், அணிகள் முறைவைத்துப் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்ச்சிதான் டிராஃப்ட். ஜூன் கடைசியில் அது முடிந்த மறுநாளே தீர்ப்புகள் குவிந்துவிடும். இந்த அணிக்கு ஆள் எடுக்கவே தெரியாது, அந்த அணியை இனி யாராலும் அசைக்க முடியாது என்று ஆளாளுக்கு எழுதுவார்கள். புதிதாகக் கூடைப்பந்து பார்க்க வந்தவர்கள் எழுதுவதை வாசித்தால், எல்லோரும் ஒரே பள்ளத்தில் விழுவது தெரியும். நாங்களும் விழுந்து எழுந்த பள்ளம்தான். வீரரின் உயரத்தைத் தப்பாகப் போடுவது, கிழக்குப் பிரிவையும் மேற்குப் பிரிவையும் குழப்புவது போன்ற சில்லறைப் பிழைகளைத் தள்ளிவிட்டு, தீர்ப்பையே புரட்டிப்போடும் தவறுகளை மட்டும் பார்ப்போம்.

பட்டியலில் உள்ள அணிப் பெயரை அப்படியே நம்புவது

மேடையில் பெயர் வாசிக்கப்படும்போது தொப்பியில் இருக்கும் அணியும், அந்த வீரரை உண்மையில் விரும்பி எடுத்த அணியும் பல நேரம் வேறு வேறு. 1996 பட்டியலில் 13-வது இடத்தில் கோபி பிரையன்ட் பெயருக்கு நேரே சார்லட் என்று இருக்கும். விளாடே டிவாக்கைக் கொடுத்து அவரை வாங்கியது லேக்கர்ஸ். 1998-ல் 9-வது இடத்தில் டிர்க் நோவிட்ஸ்கியை எடுத்ததாக மில்வாக்கி பெயர் இருக்கும். அவர் ஆடியது 21 சீசனும் டல்லாஸுக்கு. 2011-ல் 15-வது இடத்து கவாய் லெனர்டுக்கு நேரே இண்டியானா என்று இருக்கும். ஜார்ஜ் ஹில்லைக் கொடுத்து சான் அன்டோனியோ வாங்கிக்கொண்டது.

டென்வரின் கணக்கு இன்னும் வேடிக்கை. பட்டியலை மட்டும் பார்த்தால் 2013-ல் ரூடி கோபேர், 2017-ல் டோனவன் மிட்செல் என்று அபாரமாகத் தெரியும். இருவரையும் அன்றைய இரவே யூட்டாவுக்கு அனுப்பிவிட்டார்கள். கோபேருக்குப் பதிலாக டென்வருக்குக் கிடைத்தது 46-வது இடத்துத் தேர்வும் கொஞ்சம் பணமும். இதைப் பாராட்டுக் கணக்கில் எழுதுவதா, பற்றுக் கணக்கில் எழுதுவதா?

ஆகவே ஒவ்வொரு பெயருக்கும் மூன்று கட்டம் போடுங்கள்: அந்தத் தேர்வு உரிமை முதலில் யாருடையது, அறிவித்தது யார், முதல் ஆட்டம் ஆடியது யாருக்கு. மதிப்பெண்ணை மூன்றாவது கட்டத்தில் இருக்கும் அணிக்குக் கொடுங்கள். வீரரைக் கைமாற்றிய அணிக்கு, பதிலுக்கு வந்ததை வைத்துத் தனியாக மதிப்பெண் போடுங்கள்.

“அவரை விட்டுவிட்டு இவரை எடுத்தார்கள்”

2014-ல் நிகோலா யோகிச் 41-வதாகப் போனார். நாற்பது பேரை அவருக்கு முன்னால் எடுத்த அணிகளெல்லாம் முட்டாள்கள், டென்வர் மட்டும் மேதை என்று எழுதுவது வழக்கம். அதே இரவில் டென்வர் தன் 11-வது இடத்தை சிகாகோவுக்குக் கொடுத்து, 16-வது இடத்து யூசுஃப் நூர்கிச்சையும் 19-வது இடத்து கேரி ஹாரிஸையும் வாங்கியது. யோகிச்சின் திறமை முழுதாகத் தெரிந்திருந்தால் அந்த இரண்டு இடங்களில் ஒன்றிலேயே அவரை எடுத்திருப்பார்கள். டிரேமண்ட் கிரீன் கதையும் இதே போலத்தான். 2012-ல் கோல்டன் ஸ்டேட் 7-வது இடத்திலும் 30-வது இடத்திலும் வேறு இருவரை எடுத்த பிறகுதான் 35-வதாக அவரிடம் வந்தது. அதற்காக அவர்கள் செய்தது சிறிய வேலை என்று சொல்லவில்லை. பிந்தைய சுற்றில் விழும் ஒரு நட்சத்திரத்தில் கணிப்பும் உண்டு, தற்செயலும் உண்டு, வந்த பிறகு கொடுத்த பயிற்சியும் உண்டு.

நியாயமாக ஒப்பிட, குறிப்பிட்ட இடத்துக்கு அடுத்த ஐந்தாறு பெயர்களை மட்டும் பாருங்கள். அதோடு, கடந்த பதினைந்து வருடங்களில் அதே இடத்தில் போனவர்கள் எத்தனை சீசன் நிலைத்தார்கள் என்று பாருங்கள். 20-வது இடத்துக்கு மேல் எண் போகப் போக, வழக்கமாக மாற்று வீரராக ஆடும் ஒருவர் கிடைத்தாலே அது நல்ல தேர்வு.

2018-ல் மார்வின் பேக்லியை சேக்ரமெண்டோ 2-வதாக எடுத்ததைக் குறை சொல்லலாம், தாராளமாக. லூகா டான்சிச் அடுத்த இடத்திலேயே போனார். மறுபக்கம், 2013-ல் யானிஸ் அண்டெட்டோகும்போ 15-வதாகப் போனதற்கு முதல் இடத்து அணியை மட்டும் பிடித்து உலுக்குவதில் பொருளில்லை. அந்த அணி எடுத்த அந்தோணி பென்னட் பிழையான தேர்வுதான், ஆனால் அவருக்கு நேர் மாற்றாக அன்று யாருடைய பேச்சிலும் யானிஸ் இல்லை.

லாட்டரி அதிர்ஷ்டத்தைத் திறமைக் கணக்கில் எழுதுவது

டிராஃப்டில் முன்னணி இடங்கள் யாருக்கு என்பதைப் பின்தங்கிய அணிகளுக்குள் குலுக்கிப் போடுவதுதான் லாட்டரி. 2019 முதல், கடைசி மூன்று இடங்களில் முடிக்கும் அணிகளுக்கு முதல் தேர்வு கிடைக்கும் வாய்ப்பு ஆளுக்கு 14 சதவீதம். முதல் நான்கு இடங்களே குலுக்கலில் போவதால், கடைசியாக முடித்த அணி ஐந்தாவது இடம் வரை சறுக்கலாம். டெட்ராய்ட்டுக்கு 2023-லும் 2024-லும் அதுதான் நடந்தது. 2025-ல் 1.8 சதவீத வாய்ப்பை வைத்துக்கொண்டு டல்லாஸ் முதல் இடத்தைத் தட்டிச் சென்றது. கூப்பர் ஃபிளாக்கை எடுத்தது கணிப்புத் திறமைக்குச் சான்றாகாது. அந்த இடத்தில் யார் இருந்தாலும் அவரைத்தான் எடுத்திருப்பார்கள்.

மறுநாள் காலையில் மதிப்பெண் போடுவது

மூன்று சீசன் போகட்டும்.

இளம் கூட்டத்தைப் பார்த்துப் பத்து வருடத்தை எழுதிக் கொடுப்பது

எரிச்சலூட்டும் தவறு இதுதான். எத்தனை முறை பொய்த்தாலும் திரும்பத் திரும்ப எழுதப்படுவதும் இதுதான்.

2012 ஜூனில் ஓக்லஹோமா சிட்டி தண்டர் இறுதிப் போட்டியில் மயாமியிடம் 4-1 என்று தோற்றது. அந்த அணியின் தூண்கள் நால்வர்: 2007-ல் 2-வதாக எடுத்த கெவின் டுராண்ட், 2008-ல் 4-வதாக ரஸ்ஸல் வெஸ்ட்புரூக், அதே வருடம் 24-வதாக செர்ஜ் இபாகா, 2009-ல் 3-வதாக ஜேம்ஸ் ஹார்டன். ஒருவருக்கும் 24 வயது ஆகவில்லை. டிராஃப்ட் வரலாற்றில் இப்படி அடுத்தடுத்து மூன்று வருடம் அடித்த அணிகளை விரல் விட்டு எண்ணலாம். பிற்பாடு டுராண்ட் 2014-லும் வெஸ்ட்புரூக் 2017-லும் ஹார்டன் 2018-லும் சீசனின் சிறந்த வீரருக்கான எம்விபி விருது வாங்கினார்கள். அதாவது ஆட்களை எடுத்ததில் ஒரு குறையும் இல்லை. அவர்கள் சேர்ந்து வென்ற பட்டங்கள்: பூஜ்ஜியம்.

ஏன்? தேதியையும் சம்பளத்தையும் பக்கத்தில் எழுதாமல் பெயர்களை மட்டும் பார்த்ததால்தான் பலருக்கும் இது புரியாமல் போனது. முதல் சுற்றில் வரும் வீரரின் தொடக்க ஒப்பந்தம் நான்கு வருடம். முதல் இரண்டு உறுதி, அடுத்த இரண்டும் அணியின் விருப்பம். சம்பளம் எடுத்த இடத்தைப் பொறுத்து அட்டவணைப்படி. எவ்வளவு ஜொலித்தாலும் அந்த நான்கு வருடத்தில் அட்டவணையை மீறிக் கேட்க முடியாது. அந்த மலிவான காலம் முடிந்ததும் சம்பளம் ஒரே தாவாகத் தாவும். புதிய உச்ச ஒப்பந்தத்தில் இளம் வீரருக்கு மொத்த சம்பள வரம்பில் 25 சதவீதம், குறிப்பிட்ட விருதுகள் இருந்தால் 30. பத்து வருட அனுபவமுள்ளவருக்கு 35. மூன்று நட்சத்திரங்களுக்கு இப்படிக் கொடுத்தால் வரம்பில் முக்கால்வாசியோ அதற்கு மேலோ அங்கேயே தீர்ந்துவிடும்.

தண்டரில் டுராண்டும் வெஸ்ட்புரூக்கும் ஏற்கெனவே ஐந்து வருட ஒப்பந்தம் போட்டிருந்தார்கள். 2012 ஆகஸ்டில் இபாகாவுக்கும் நீட்டிப்பு. ஹார்டனுக்கு அக்டோபர் 31 கெடு. தொகையில் உடன்பாடு வரவில்லை. அக்டோபர் 27-ம் தேதி அவரை ஹூஸ்டனுக்கு அனுப்பிவிட்டார்கள். இறுதிப் போட்டி முடிந்து நாலு மாதம்! அதன்பின் 2013-ல் வெஸ்ட்புரூக்குக்கு முழங்கால் காயம், 2015-ல் டுராண்டுக்குப் பாதத்தில் காயம், 2016-ல் மேற்குப் பிரிவு இறுதியில் 3-1 என்று முன்னிலையில் இருந்து கோல்டன் ஸ்டேட்டிடம் தோல்வி. அந்த ஜூலையில் டுராண்ட் ஃப்ரீ ஏஜென்டாக, அதாவது ஒப்பந்தம் முடிந்து விரும்பிய அணிக்குப் போகக்கூடியவராக, அதே கோல்டன் ஸ்டேட்டுக்கே போனார். பத்து வருடம் என்று எழுதியவர்களின் கணக்கு நான்கு வருடத்தில் முடிந்தது.

அதே அணி, அதே பொது மேலாளர் சாம் பிரெஸ்டி, 2025-ல் பட்டம் வென்றார்கள். இந்த முறை என்ன வித்தியாசம் என்று பாருங்கள். அணியின் உயிர்நாடி ஷே கில்ஜஸ்-அலெக்சாண்டர் அவர்கள் டிராஃப்டில் எடுத்தவரே இல்லை. 2019 ஜூலையில் பால் ஜார்ஜைக் கொடுத்தபோது, ஐந்து முதல் சுற்றுத் தேர்வுகளோடும் தேர்வு இடங்களை மாற்றிக்கொள்ளும் இரண்டு உரிமைகளோடும் கிளிப்பர்ஸிடமிருந்து வந்தவர். அந்தத் தேர்வுகளில் ஒன்றுதான் 2022-ல் 12-வதாக எடுத்த ஜேலன் வில்லியம்ஸ் ஆனது. லூ டோர்ட்டை டிராஃப்டில் யாருமே எடுக்கவில்லை. 2021-ல் 6-வதாக எடுத்த ஜாஷ் கிட்டியைக் கொடுத்து அலெக்ஸ் கருசோவை வாங்கினார்கள். டிராஃப்ட் பக்கத்தில் மட்டும் பார்த்தால் கிட்டி “தங்காத தேர்வு”, அணிப் பக்கத்தில் பார்த்தால் அவர்தான் கருசோ.

எல்லாவற்றையும்விட முக்கியம், வென்ற நேரம். ஷே ஒருவர் மட்டும் உச்ச ஒப்பந்தத்தில் இருந்தார். வில்லியம்ஸும் செட் ஹோம்க்ரெனும் தொடக்க ஒப்பந்தத்தின் மூன்றாவது வருடத்தில் இருந்தார்கள். அந்த மிச்சத்தில்தான் 2024 கோடையில் ஐசையா ஹார்ட்டென்ஸ்டைனை வெளிச்சந்தையிலிருந்து எடுக்க முடிந்தது. 2025 ஜூலையில் மூவருக்குமே பெரிய நீட்டிப்பு எழுதியாகிவிட்டது. வில்லியம்ஸ், ஹோம்க்ரென் ஒப்பந்தங்கள் 2026-27-ல் தொடங்குகின்றன. கூர்ந்து பார்க்க வேண்டிய வருடம் அது.

லீக்கும் வீரர் சங்கமும் 2023-ல் போட்ட ஒப்பந்தத்துக்குப் பிறகு இந்தக் கணக்கு இன்னும் கறார். மொத்தச் சம்பளத்தில் செகண்ட் ஏப்ரன் என்ற மேல் எல்லையைத் தாண்டிய அணி, இரண்டு வீரர்களின் சம்பளத்தைச் சேர்த்து ஒருவரை வாங்க முடியாது. வரம்பைத் தாண்டியும் வெளிச்சந்தையில் ஆள் எடுக்க உதவும் நடுத்தரச் சலுகையும் கிடையாது. ஏழு வருடம் தள்ளி இருக்கும் முதல் சுற்றுத் தேர்வும் யாருக்கும் கைமாற்ற முடியாதபடி உறைந்துவிடும். 2024-ல் பட்டம் வென்ற பாஸ்டன், ஒரே வருடத்தில் ஜ்ரூ ஹாலிடேயையும் கிறிஸ்டாப்ஸ் போர்ஸிங்கிஸையும் விட்டுக்கொடுத்தது இதனால்தான். ஜேசன் டேட்டமையும் ஜேலன் பிரவுனையும் 3-வது இடத்தில் எடுத்தது எவ்வளவு சரியோ, அவ்வளவு சரியான ரசீதும் பின்னால் வந்தது.

வேலையை இப்படிச் செய்யுங்கள். ஒரு தாளில் முதல் எட்டு வீரர்களை எழுதி, பக்கத்தில் நான்கு பத்தி: வயது, எப்படி வந்தார், ஒப்பந்தம் முடியும் வருடம், அடுத்த ஒப்பந்தம் வரம்பில் எத்தனை சதவீதம். மூன்று பேருடைய முடிவு வருடம் அடுத்தடுத்து விழுந்தால், அதற்கு முந்தைய இரண்டு சீசன்தான் அந்த அணியின் உண்மையான வாய்ப்பு.

ஒரே ஒரு சொதப்பலைக் காட்டி அணியையே தள்ளிவிடுவது

2003-ல் 2-வது இடத்தில் டெட்ராய்ட் எடுத்தது டார்கோ மிலிசிச். அடுத்தடுத்துப் போனவர்கள் கார்மெலோ ஆன்டனி, கிறிஸ் பாஷ், டுவைன் வேட். இதைவிட வலிக்கும் தேர்வு அரிது. அடுத்த ஜூனில் அதே டெட்ராய்ட் பட்டம் வென்றது. தொடக்க ஐவரில் அவர்களே டிராஃப்டில் எடுத்தவர் டேஷான் பிரின்ஸ் ஒருவர்தான், அதுவும் 23-வது இடத்தில். சான்ஸி பில்லப்ஸ் ஃப்ரீ ஏஜென்ட், ரிச்சர்ட் ஹாமில்டனும் ரஷீத் வாலஸும் டிரேட், அதாவது அணிகளுக்குள் கைமாற்றம், பென் வாலஸை எந்த அணியும் டிராஃப்டில் எடுத்ததே இல்லை.

2019-ல் பட்டம் வென்ற டொராண்டோவிலும் லாட்டரி இடத்தில், அதாவது முதல் 14 இடங்களில், எடுக்கப்பட்டவர் ஒருவரும் இல்லை. ஆனால் கவாய் லெனர்டை வாங்கக் கொடுத்த டிமார் டிரோசனும் யாகோப் பெல்டிலும் டொராண்டோ 9-வது இடத்தில் எடுத்தவர்கள். இதை விட்டுவிட்டு “டிராஃப்ட் தேவையே இல்லை” என்று கிளம்புவது எதிர்த்திசைத் தவறு.

சம்மர் லீக் புள்ளிகள்

சீசனுக்கு முன் இளம் வீரர்கள் ஆடும் கோடைத் தொடர் இது. ரசியுங்கள். கணக்கில் சேர்க்க வேண்டாம்.

வெற்றி எண்ணிக்கையை மட்டும் பார்த்து “பட்டம் நமக்குத்தான்” என்பது

2021-22 ஃபீனிக்ஸ், 2023-24 பாஸ்டன் இரண்டும் 64 வெற்றி, 18 தோல்வி. ஆட்டத்துக்குச் சராசரி புள்ளி வித்தியாசம் ஃபீனிக்ஸுக்கு 7.5, பாஸ்டனுக்கு 11.3. நெருக்கமாக முடியும் ஆட்டங்களை வரிசையாக ஜெயித்ததில் ஃபீனிக்ஸின் எண் ஊதிக்கொண்டது. அவர்கள் இரண்டாம் சுற்றில் ஏழாவது ஆட்டத்தைச் சொந்த மைதானத்தில் டல்லாஸிடம் 123-90 என்று இழந்தார்கள். பாஸ்டன் பட்டத்தோடு முடித்தது. 2024-25 தண்டரின் வித்தியாசம் 12.9, லீக் வரலாற்றில் அதுவரை எந்த அணியும் தொடாத எண்.

வித்தியாசத்தைப் பார்த்த பிறகு, பட்டத்துக்கான பிளே ஆஃப் சுற்றுகளில் ஆடப்போகும் எட்டு ஒன்பது பேரை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அவர்களில் யாராவது ஒருவரைத் தற்காப்பில் எதிரணி குறிவைக்க முடியுமா, தூரத்திலிருந்து எறியத் தெரியாததால் காவலில்லாமல் விட முடியுமா என்று பாருங்கள். ஏழு ஆட்டம் ஒரே எதிரியோடு ஆடும்போது அந்த ஓட்டையைத்தான் தினமும் குடைவார்கள்.

இன்னொன்று, பிப்ரவரியில் நடக்கும் டிரேட்கள். 1995-ல் ஹூஸ்டன் 47-35 என்று மேற்கில் ஆறாவதாக முடித்தும் பட்டம் வென்றது. அந்த 47-35-ல் பாதிக்கு மேல் பிப்ரவரி டிரேட்டில் கிளைட் டிரெக்ஸ்லர் வருவதற்கு முன் ஆடியது. டிரேட் நடந்த தேதியில் கோடு கிழித்து, மேலே உள்ளதையும் கீழே உள்ளதையும் தனித்தனியாகக் கூட்டுங்கள்.