வளவுக் கோழிகளைப் புயலில் காப்பாற்ற

மட்டக்களப்பு, அம்பாறைக் கரையில் புயல் பெரும்பாலும் நவம்பர், டிசம்பரில்தான் அடிக்கும். 1978 நவம்பர் 23 சூறாவளியும் அப்படித்தான். கோழிக்கூட்டு வேலையை ஒக்டோபருக்குள் முடித்துவிடுங்கள்.

முருங்கைக்குக் கீழே கூடு வைக்கவே கூடாது, லேசான காற்றுக்கே கொப்பு முறியும். பக்கத்துத் தென்னையில் காய்ந்த ஓலை, முற்றிய தேங்காய் எல்லாவற்றையும் இறக்குங்கள்.

மணல் வளவில் கூடு விழுவது பெரும்பாலும் கால் பிடுங்குவதால். கால் 2 அடி ஆழம் போகட்டும். அடியில் 1 அடி நீளக் குறுக்குக் கட்டையை அறைந்து, மண்ணை நனைத்து இடித்து மூடினால் மேலே வராது. தகரத்துக்கு ஆணி மட்டும் காணாது: காற்று அடியிலிருந்து தூக்கத் தூக்கத் துவாரம் பெருத்து, ஆணித் தலையே அதற்குள்ளால் போய்விடும். கட்டுக்கம்பியை இரட்டையாக முறுக்கி, தகரத்தையும் கைமரத்தையும் காலையும் சேர்த்துக் கட்டுங்கள். கூரைக்கு மேலால் நைலோன் கயிறு இரண்டு போட்டு, சரிவாக அறைந்த முளைகளில் இறுக்குங்கள். கல் ஏற்றாதீர்கள், தகரம் ஆடினால் அது கோழியின் மேல்தான் விழும். மணல் நிரப்பிய உரப்பை பரவாயில்லை.

தறப்பாளை வடக்கிலும் கடல் பக்கத்திலும் மட்டும் கட்டுங்கள். நாலு பக்கமும் மூடினால் எச்சத்தின் அமோனியா நெடியில் கோழிக்கு மூச்சு முட்டும். காற்றுப் படாத பக்கம் கூரைக்குக் கீழே நாலு விரல் இடைவெளி இருக்கட்டும்.

சூறாவளி எச்சரிக்கை என்றால் கூட்டை நம்பாமல் கோழிகளை வீட்டுக்குள் எடுங்கள். மைம்மலுக்குப் பிறகு, தடியில் ஏறிக் குந்தியபின் பிடித்தால் கலவரப்படாது. சாக்கில் போட்டால் மூச்சடைத்துச் சாகும். காலைக் கட்டினால், வெள்ளம் ஏறும்போது தப்ப வழியில்லை. கூடையோ ஓட்டை போட்ட கடதாசிப் பெட்டியோ போதும், கோழிக்கு 1 சதுர அடி. 10 கோழிக்கு ஒரு நாளைக்கு ஒன்றேகால் கிலோ தீனும் இரண்டரை லீற்றர் தண்ணீரும் வேண்டும். 3 நாளுக்கு எடுத்து மூடி வையுங்கள். இடையில் காற்று சட்டென அடங்கினால் திறந்துவிடாதீர்கள். கடப்பது புயலின் கண்ணாக இருக்கலாம். அப்படியானால் அடுத்த காற்று எதிர்ப்பக்கத்தில், தறப்பாள் இல்லாத பக்கத்தில் அடிக்கும்.

கரண்ட் போனால் குஞ்சுகளுக்குச் சுடுதண்ணீர்ப் போத்தலைத் துணியில் சுற்றிப் பெட்டியின் ஒரு மூலையில் வையுங்கள். மற்ற மூலை வெறுமையாக இருந்தால், சூடு கூடும்போது தாமே விலகும். மூடிய அறையில் கரிச்சட்டி வேண்டாம்.

மழை விட்டதும் ஈர உமியை முழுதாக அள்ளுங்கள். மேலே காய்ந்த உமி தூவிச் சமாளிப்பது வீண்வேலை, இரத்தக்கழிச்சல் அந்த ஈரத்தில்தான் பெருகும். பூஞ்சணம் பிடித்த தீனைக் காயவைத்தாலும் நஞ்சு போகாது, எறிந்துவிடுங்கள். எச்சத்தில் இரத்தம் கண்டால் அன்றே கால்நடை வைத்தியரிடம் காட்டுங்கள். குஞ்சுகள் அதிக நாள் தாங்காது.