கணக்கியல் பட்டப்படிப்பு: பேனாவும் தாளுமாகப் படிப்பது எப்படி

கணக்கியல் படிப்பில் சேரும் முன் ஒரு விஷயத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். கிடைக்கப்போகும் பட்டத்தைத் தொழில்முறை அமைப்புகள் எவ்வளவு தூரம் ஏற்கின்றன? சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம், நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், சிங்கப்பூர் நிர்வாகப் பல்கலைக்கழகம், சிங்கப்பூர் தொழில்நுட்பக் கழகம், சிங்கப்பூர் சமூக அறிவியல் பல்கலைக்கழகம் ஆகிய ஐந்திலும் கணக்கியல் பட்டம் உண்டு. அதை முடித்தவர்கள் சிங்கப்பூர் பட்டயக் கணக்காளர் தகுதித் திட்டத்தின் அடிப்படை நிலையை எழுதாமல் நேரே தொழில்முறை நிலைக்குப் போகலாம். வணிக நிர்வாகப் பட்டத்தில் நிதியைச் சிறப்புப் பாடமாக எடுத்தவர்களுக்கு அந்த வசதி இல்லை. இரண்டும் ஒன்றுதானே என்று நினைத்து சேர்ந்துவிட்டு மூன்றாம் ஆண்டில் விழிப்பவர்கள் உண்டு.

தனியார் கல்வி நிலையங்களில் ஆஸ்திரேலிய, பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்களின் வணிகவியல் பட்டம் படிக்கப் போகிறவர்கள் கட்டணம் கட்டும் முன்பே ஏசிசிஏ என்ற பிரிட்டிஷ் பட்டயக் கணக்காளர் சங்கத்தின் தேர்வு விலக்குகளைச் சரிபார்ப்பது நல்லது. 13 தாள்களில் அதிகபட்சம் 9 தாள்களுக்கு விலக்கு கிடைக்கும். ஆனால் அது பட்டத்தின் பெயரை மட்டும் பார்த்துத் தருவதல்ல, எடுத்த பாடங்களையும் பார்ப்பார்கள். வரியும் தணிக்கையும் கடினம் என்று அவற்றைத் தவிர்த்துவிட்டால், பிறகு அந்தத் தாள்களைக் காசு கட்டி எழுத வேண்டியிருக்கும்.

நிதித் திட்டமிடல் பக்கம் போக நினைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. பட்டம் வாங்கிய மறுநாளே வாடிக்கையாளருக்கு ஆலோசனை சொல்லக் கிளம்பிவிட முடியாது. நிதி ஆலோசகர்கள் சட்டத்தின்கீழ் ஒரு நிறுவனத்தின் பிரதிநிதியாக இருக்க வேண்டும், விதிமுறைகளைப் பற்றிய தேர்வு போன்றவற்றிலும் தேறியிருக்க வேண்டும்.

இனி படிக்கும் முறைக்கு வருவோம்.

தமிழில் யோசிப்பவர்களுக்கு முதல் வாரத்திலேயே ஒரு குழி காத்திருக்கிறது. டெபிட் என்றால் பற்று, கிரெடிட் என்றால் வரவு. ஆனால் வீட்டில் நாம் ‘வரவு’ என்று சொல்வது கைக்கு வரும் பணத்தை. பேரேட்டிலோ பணம் வந்தால் ரொக்கக் கணக்கில் அது பற்று! போதாக்குறைக்கு, சம்பளம் வந்ததும் வங்கி ‘கிரெடிட்’ என்று குறுஞ்செய்தி அனுப்புகிறது. அது வங்கியின் ஏட்டிலிருந்து பேசும் பேச்சு. உங்கள் பணம் அவர்களுக்குக் கடன், கடன் கூடினால் கிரெடிட். ஆகவே தமிழ்ச் சொல்லின் அன்றாடப் பொருளையும் வங்கியின் குறுஞ்செய்தியையும் கொஞ்ச நாள் மறந்துவிடுங்கள். சொத்தும் செலவும் கூடினால் டெபிட்; கடன், மூலதனம், வருமானம் கூடினால் கிரெடிட். இந்த ஒரு வரியிலிருந்தே எல்லாப் பதிவையும் போட்டுப் பழகுங்கள்.

சம்பளப் பதிவை எடுத்துக்கொள்வோம். 30 வயது ஊழியர், சிங்கப்பூர்க் குடிமகன், மாதச் சம்பளம் 3,000 வெள்ளி. மத்திய சேமநிதிக்கு ஊழியர் பங்கு 20 விழுக்காடு, அதாவது 600. முதலாளி பங்கு 17 விழுக்காடு, அதாவது 510. பதிவு இப்படி வரும்: சம்பளச் செலவு டெபிட் 3,000, சேமநிதிச் செலவு டெபிட் 510, வங்கி கிரெடிட் 2,400, சேமநிதிக்குச் செலுத்த வேண்டியது கிரெடிட் 1,110. இரு பக்கமும் 3,510. மாணவர்கள் வழக்கமாகச் செய்யும் பிழை, 600 வெள்ளியையும் நிறுவனத்தின் தனிச் செலவாக எழுதுவது. அது ஏற்கெனவே 3,000-க்குள் இருக்கிறது. ஊழியரின் காசு நிறுவனம் வழியாகச் சேமநிதிக்குப் போகிறது, அவ்வளவுதான்.

எல்லாக் கணக்குகளின் டெபிட், கிரெடிட் நிலுவைகளைக் கூட்டி ஒப்பிடும் பட்டியல்தான் இருப்பாய்வு. அது ஒத்துவரவில்லை என்றால் எல்லாவற்றையும் முதலிலிருந்து கூட்ட ஆரம்பிக்காதீர்கள். வித்தியாசம் 540 என்று வைத்துக்கொள்வோம். முதலில் இரண்டால் வகுத்துப் பாருங்கள். 270 என்ற தொகை எங்காவது இருந்தால் அது தவறான பக்கத்தில் விழுந்திருக்கலாம். இல்லையென்றால் ஒன்பதால் வகுங்கள். மீதியில்லாமல் வகுபட்டால் இலக்கம் இடம் மாறியிருக்கக்கூடும். 2,710-ஐ 2,170 என்று எழுதினால் வித்தியாசம் சரியாக 540. 600-ஐ 60 என்று எழுதி ஒரு பூஜ்யத்தைத் தொலைத்தாலும் 540-தான். மூன்றும் இல்லையென்றால், 540 என்ற தொகையே ஒரு பக்கம் மட்டும் பதிவாகியிருக்கிறதா என்று தேடுங்கள். இந்த வரிசையில் போனால் பெரும்பாலும் சில நிமிடங்களில் பிழை அகப்படும்.

ஆனால் இருப்பாய்வு ஒத்துவந்தால் கணக்கு சரி என்று நம்பிவிட வேண்டாம். உணவுக்கடையின் அடுப்பைப் பழுதுபார்த்த செலவைச் சாதனம் என்ற சொத்துக் கணக்கில் போட்டாலும் இரு பக்கமும் அழகாக ஒத்துவரும். இலாபம் மட்டும் பொய்யாகிவிடும்.

முதலாண்டில் மதிப்பெண் அதிகம் கசிவது ஆண்டிறுதிச் சரிக்கட்டுப் பதிவுகளில்தான். சிராங்கூன் சாலையில் ஒரு கடை அக்டோபர் 1-ஆம் தேதி 12 மாதக் காப்புறுதிக்கு 2,400 வெள்ளி கட்டி, முழுவதையும் செலவாக எழுதிவிட்டது. கணக்காண்டு டிசம்பர் 31-இல் முடிகிறது. மூன்று மாதச் செலவு 600, மீதி 1,800 முன்பணம். சரிக்கட்டு: முன்பணக் காப்புறுதி டெபிட் 1,800, காப்புறுதிச் செலவு கிரெடிட் 1,800. அதே கடை தொடக்கத்தில் முழுத்தொகையையும் முன்பணச் சொத்தாக எழுதியிருந்தால் சரிக்கட்டு 600 வெள்ளிக்கு, அதுவும் எதிர்ப் பக்கமாக. வினாத்தாள் எந்த வழியைச் சொல்கிறது என்று பார்க்காமல் மனப்பாடப் பதிவைப் போடுவதுதான் இங்கே வழுக்கும் இடம். ஓரத்தில் ஒரு காலக்கோடு வரைந்து மாதங்களை எண்ணுங்கள், மனக்கணக்கு வேண்டாம்.

பொருள் சேவை வரியிலும் ஒரு பழைய வழுக்கல் உண்டு. 2024 ஜனவரி 1 முதல் 9 விழுக்காடு. வரி உட்பட 654 வெள்ளி ரசீதில் வரி எவ்வளவு? 654-இல் 9 விழுக்காடு எடுத்து 58.86 என்று எழுதினால் தவறு. 654-ஐ 9-ஆல் பெருக்கி 109-ஆல் வகுக்க வேண்டும். வரி 54, பொருளின் விலை 600. கேள்வியில் 2023-ஆம் ஆண்டு ரசீது இருந்தால் விகிதம் 8 விழுக்காடு என்பதையும் கவனியுங்கள்.

கல்லூரி வாரத்தை இப்படி ஓட்டலாம். பயிற்சி வகுப்புக்கு முதல் நாள் எல்லாக் கேள்விகளையும் விடையைப் பார்க்காமல் எழுதிவிடுங்கள், பாதியில் நின்றாலும் பரவாயில்லை. வகுப்பில் விடையை அப்படியே படியெடுக்காமல், எங்கே நின்றீர்கள் என்பதை மட்டும் வேறு நிற மையில் குறியுங்கள். மூன்று நாள் கழித்து அதே கேள்வியை வெற்றுத் தாளில் மறுபடி போடுங்கள். விடையை வாசிக்கும்போது எல்லாம் புரிந்த மாதிரிதான் இருக்கும்; வெற்றுத் தாள்தான் உண்மையைச் சொல்லும். தனியே ஒரு பிழைக் குறிப்பேடும் வைத்திருங்கள். அதில் ‘கவனக்குறைவு’ என்று எழுதுவதால் பயனில்லை. ‘தேய்மானத்தை ஆண்டு முழுவதற்கும் போட்டேன், இயந்திரம் ஜூலையில்தான் வாங்கியது’ என்று எழுதுங்கள்.

பலதுறைத் தொழிற்கல்லூரியில் கணக்கியல் பட்டயம் முடித்தவர்களுக்கு முதலாண்டுப் பாடங்கள் சிலவற்றில் விலக்கு கிடைக்கலாம். இரண்டாண்டு தேசிய சேவை முடித்து வருகிறவர்கள் அந்த விலக்கை வாங்கிக்கொண்டு நேரே இடைநிலைக் கணக்கியலில் உட்கார்ந்தால் திணறுவார்கள். விடுமுறையில் இரண்டு வாரம் ஒதுக்கி, பதிவு முதல் நிதியறிக்கை வரை ஒரு முழுச் சுற்றையாவது கையால் போட்டுப் பார்த்துவிட்டு வாருங்கள்.

இரண்டாம் ஆண்டில் நிதியறிக்கைத் தரநிலைகள் வரும்போது பாடநூல் மட்டும் போதாது. சிங்கப்பூர்ப் பங்குச் சந்தையில் உள்ள ஒரு நிறுவனத்தின் ஆண்டறிக்கையைத் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஷெங் சியோங் பேரங்காடி நல்ல தேர்வு, ஏனென்றால் அந்தத் தொழிலை நாம் கண்ணால் பார்க்கிறோம். வாடிக்கையாளர் உடனே பணம் கட்டிவிடுவதால் வரவேண்டிய கடன் ஏன் சிறிது, சரக்கிருப்பு ஏன் பெரிது என்று இருப்புநிலைக் குறிப்பே காட்டிக்கொடுக்கும். குத்தகை பற்றிய புதிய தரநிலை நடப்புக்கு வந்தது 2019-இல். வாடகைக் கடை எப்படிப் ‘பயன்பாட்டு உரிமைச் சொத்து’ ஆகிறது என்பதற்கும் அதே அறிக்கையின் குறிப்புகளில் விடை தேடலாம்.

நிதித் திட்டமிடல் பாடத்தில் கால்குலேட்டரே காலை வாரும். மாதம் 500 வெள்ளி, ஆண்டுக்கு 4 விழுக்காடு வட்டி, 30 ஆண்டு, மாத இறுதியில் சேமிப்பு; கடைசியில் எவ்வளவு சேரும்? காலம் 360, ஆண்டுக்குத் தவணை 12, செலுத்துவது கழித்தல் குறியோடு 500. விடை ஏறத்தாழ 3,47,000 வெள்ளி. தவணையை 12-ஆக மாற்ற மறந்து 1-இல் விட்டால் கருவி மாதத்துக்கு 4 விழுக்காடு என்று எடுத்துக்கொண்டு 16 பில்லியனுக்கு மேல் காட்டும். இவ்வளவு பெரிய பிழை கண்ணில் பட்டுவிடும். ஆபத்து எங்கே என்றால், மாதத் தொடக்கமா மாத இறுதியா என்ற அமைப்பை மாற்றி வைப்பதில்தான். விடை 3,48,000 பக்கம் வரும். பார்த்தால் சந்தேகமே வராது. எனவே ஒவ்வொரு கேள்விக்கும் முன் பழைய எண்களை அழித்துவிட்டு, திரையின் மூலையில் தொடக்க அமைப்பின் குறி தெரிகிறதா என்று பாருங்கள்.

தேர்வறையில் 100 மதிப்பெண்ணுக்கு இரண்டு மணி நேரம் என்றால் ஒரு மதிப்பெண்ணுக்கு 72 விநாடி. 25 மதிப்பெண் கேள்விக்கு 30 நிமிடம். அரைமணி முடிந்தும் இருப்புநிலைக் குறிப்பு ஒத்துவரவில்லையா? அப்படியே விட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போங்கள். எங்கோ ஒரு பதிவில் போன ஒன்றிரண்டு மதிப்பெண்ணைத் துரத்திக்கொண்டு, தொடாத கேள்வியில் பத்தை இழக்க வேண்டாம். துணைக் கணக்குகளை அழிக்காமல் விடைத்தாளிலேயே தெளிவாக எழுதி வையுங்கள். இறுதி எண் தவறினாலும் வழிமுறைக்கு மதிப்பெண் போடத் திருத்துபவருக்கு அதுதான் ஆதாரம்.