செத்தவருக்கு விசா கொடுத்த கதையும் இன்னும் சில பிழைகளும்

ஒவ்வொரு ஆகஸ்ட் கடைசியிலும், 2001 செப்டம்பர் 11 அன்று அமெரிக்காவில் விமானங்களைக் கடத்தி நடத்திய தாக்குதல் பற்றிய கட்டுரைகள் என் மேசைக்கு வந்து சேரும். எழுதுபவர்கள் புதியவர்கள், பிழைகள் பழையவை. பாதிக்கு மேல் நானே ஒரு காலத்தில் செய்தவை என்பதால், திருத்தும்போது கொஞ்சம் கூச்சமாகவும் இருக்கும். விமான எண் மாறுவது, பெயர் குழம்புவது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். கடத்தல்காரர்கள் அமெரிக்காவுக்குள் நுழைந்த விதத்தைச் சொல்லும் பகுதியில்தான் எல்லாரும் சறுக்குகிறார்கள். அங்கே திரும்பத் திரும்ப வரும் தவறான வரிகளும் என் திருத்தங்களும் இதோ.

"எல்லாரும் மாணவர் விசாவில் வந்தார்கள்"

கடத்தல்காரர்கள் 19 பேரில் ஹனி ஹஞ்சூர் மட்டும்தான். மற்றவர்கள் சுற்றுலா, வணிக விசாவில் வந்தவர்கள்.

"கனடா எல்லை வழியாக நுழைந்தார்கள்"

ஒருவர்கூட இல்லை.

"செத்து ஆறு மாதம் கழித்து விசா கொடுத்தார்கள்"

இதைப் பார்த்தால் எனக்கு இன்றும் எரிச்சல் வரும். காரணம், நானே எழுதியிருக்கிறேன், அதுவும் தலைப்பாக. இதழ் கடைக்குப் போன மறுவாரம் ஓய்வுபெற்ற வாசகர் ஒருவர் நாலு பக்கக் கடிதம் அனுப்பினார். திருத்தம் போட்டோம். அதை யார் படித்தார்கள்?

நடந்தது இது. கடத்தல்காரர்களான முகமது அட்டாவும் மர்வான் அல்ஷெஹியும் சுற்றுலா விசாவில் வந்து, ஃபுளோரிடாவின் வெனிஸ் நகரில் விமானம் ஓட்டக் கற்றார்கள். 2000 செப்டம்பரில், நாட்டுக்குள் இருந்தபடியே, தங்கள் தகுதியை மாணவர் என்று மாற்றக் கேட்டு விண்ணப்பித்தார்கள். குடிவரவுத் துறை அட்டாவுக்கு 2001 ஜூலையிலும் அல்ஷெஹிக்கு ஆகஸ்டிலும் ஒப்புதல் அளித்தது. இருவரும் அப்போது உயிரோடு இருந்தார்கள். அந்த ஒப்புதலின் பிரதிதான் 2002 மார்ச் 11 அன்று பயிற்சிப் பள்ளிக்குத் தபாலில் வந்தது. ஆக, அது விசாவும் அல்ல, செத்த பிறகு எடுத்த முடிவும் அல்ல, தாமதமான தபால். அதிபர் புஷ்ஷே வெளிப்படையாகக் கோபப்பட்டார், செய்தி உலகம் சுற்றியது.

சரி, தலைப்பு கொஞ்சம் மிகைதானே, போகட்டும் என்பார்கள். போக விட முடியாது. 'சோம்பேறி குமாஸ்தா' என்று சிரித்துவிட்டு வாசகர் பக்கத்தைப் புரட்டிவிடுகிறார். உண்மையான ஓட்டை அந்தக் கோப்புக்குள்ளேயே இருந்தது. விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போது நாட்டைவிட்டு வெளியே போனால் அது கைவிடப்பட்டதாகும் என்பது விதி. இருவரும் வெளியே போய் 2001 ஜனவரியில் திரும்பி வந்தார்கள். ஒப்புதல் போட்ட அதிகாரிக்கு அது தெரிய வழியில்லை. யார் வெளியே போனார்கள் என்ற தகவல் அவர் மேசைக்கு வரவே வராது.

இதைவிடப் பெரிய ஓட்டை காலித் அல்மிஹ்தார் என்ற இன்னொரு கடத்தல்காரர் விஷயத்தில். அவர் பாஸ்போர்ட்டில் அமெரிக்க விசா இருப்பது சிஐஏவுக்கு 2000 ஜனவரியிலேயே தெரியும். அதே மாதம் 15ஆம் தேதி சக கடத்தல்காரர் நவாஃப் அல்ஹஸ்மியோடு லாஸ் ஏஞ்சலஸில் இறங்கினார். பிறகு வெளியே போய், 2001 ஜூனில் புது விசா வாங்கி, ஜூலை 4 அன்று நியூயார்க் வழியாகத் திரும்பினார். கண்காணிப்புப் பட்டியலில் அவர் பெயர் ஏறியது ஆகஸ்ட் பிற்பகுதியில். விசா கொடுத்தவரும் முத்திரை குத்தியவரும் பட்டியலைப் பார்த்திருந்தாலும் அதில் ஒன்றும் இருந்திருக்காது. என் கட்டுரையில் இதற்கு ஒரே ஒரு வரிதான் கொடுத்திருந்தேன்.

"15 சவுதிக்காரர்களும் விசா எக்ஸ்பிரஸில் வந்தார்கள்"

சவுதியில் டிராவல் ஏஜென்சி வழியே விசா விண்ணப்பம் வாங்கும் அந்தத் திட்டம் 2001 கோடையில்தான் தொடங்கியது. பலர் அதற்கு முன்பே விசாவோடு இருந்தார்கள்.

"பின் அல்ஷிப் தீவிரவாதி என்று கண்டுபிடித்து மறுத்தார்கள்"

சதியை ஒருங்கிணைத்தவர்களில் ஒருவரான ரம்ஸி பின் அல்ஷிபுக்கு விசா திரும்பத் திரும்ப மறுக்கப்பட்டது உண்மை. காரணம் வேறு: ஏமன்காரர், போனால் திரும்ப மாட்டார் என்ற சந்தேகம்.

"யாரையும் தடுக்கவில்லை"

ஒருவரைத் தடுத்தார்கள். 2001 ஆகஸ்ட் 4, ஆர்லாண்டோ. இருபதாவது கடத்தல்காரராக வந்தவர் என்று பின்னர் கருதப்பட்ட முகமது அல்கஹ்தானியிடம் செல்லுபடியாகும் விசா இருந்தது, பட்டியலில் பெயர் இல்லை. ஆனால் திரும்பும் டிக்கெட் இல்லை, பதில்கள் ஒட்டவில்லை. ஹோசே மெலெண்டஸ் பெரெஸ் என்ற குடிவரவு ஆய்வாளர் அவரை வந்த வழியே அனுப்பினார். அட்டா அன்று அதே விமான நிலையத்துக்கு வந்திருந்தார்.